இன்டர்காம் கம்பி வழியாக பைண்டிங் கொட்டகைக்கு இன்டர்நெட் கொண்டுபோக முடியுமா? மெயிலும் எல்லோருக்கும் வர வேண்டும்

அச்சக_மேசை (சிவகாசி), ஜூன் 9

வணக்கம். சிவகாசியில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தின் அலுவலகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். ஆர்டர், கணக்கு, வாடிக்கையாளர்களிடம் பேசுவது எல்லாம் என் மேசைதான். கம்ப்யூட்டருக்கென்று எதுவும் படித்ததில்லை. பதினான்கு வருடம் இங்கே உட்கார்ந்து பழகியதுதான். அதனால் கேள்வி சின்னப்பிள்ளைத்தனமாக இருந்தாலும் பொறுமையாகப் பதில் சொல்லுங்கள்.

முதலில் இடத்தைச் சொல்கிறேன். முன்கட்டிடத்தில் அலுவலகமும் டிசைன் அறையும் இருக்கின்றன. பிராட்பேண்ட் இணைப்பு இங்கேதான் வருகிறது, 50 மெகாபிட். பின்னால் மெஷின் ஹால். அதற்கும் பின்னால் ஒரு சந்து. சந்தைத் தாண்டினால் பைண்டிங் கொட்டகை. போன் கம்பி போகிற வழியாகவே அளந்து பார்த்தேன், 140 மீட்டர் வருகிறது. நடுவில் பக்கத்துக்காரர்களின் இரண்டு மாடி பேப்பர் குடோன் நிற்கிறது. மெஷின் ஹாலுக்குத் தகரக் கூரை. வைஃபை அங்கே எட்டவே இல்லை. சந்துக்கு மேலே கம்பி இழுத்தால் பேப்பர் லோடு லாரி அறுத்துக்கொண்டு போய்விடுகிறது, இரண்டு முறை பட்டுவிட்டோம். சந்து இப்போது சிமென்ட் ரோடாகிவிட்டது, தோண்டவும் வழியில்லை.

ஆனால் 2006-ல் இன்டர்காம் போட்டபோது சந்துக்கு அடியில் ஒரு பைப் புதைத்து போன் கேபிள் கொண்டுபோயிருக்கிறார்கள். 3 வெளி லைன், 16 எக்ஸ்டென்ஷன் உள்ள பெட்டி. கொட்டகையில் இரண்டு போன்கள். கரண்ட் போனாலும் அவை வேலை செய்யும். இத்தனை வருடத்தில் அந்தப் பெட்டி எங்களை ஒருநாளும் கைவிட்டதில்லை.

கஷ்டம் இரண்டு.

ஒன்று, கொட்டகையில் சூப்பர்வைசர் அக்கா தன் போன் டேட்டாவை ஹாட்ஸ்பாட் வைத்து வேலை பார்க்கிறார். ஒரு நாளைக்கு 1.5 ஜிபி. டிசைன் பிடிஎஃப் நாலைந்து திறந்தால் மத்தியானத்துக்குள் தீர்ந்துவிடும். அப்புறம் பென் டிரைவோடு யாராவது ஓட வேண்டியதுதான்.

இரண்டாவதுதான் என்னைத் தூங்கவிடாதது. எங்களுக்கு ஒரே மெயில் முகவரி. ஒரே பாஸ்வேர்டு, ஆறு பேர். மூன்று கம்ப்யூட்டரில் மெயில் சாஃப்ட்வேர் போட்டிருக்கிறது. போன சீசனில் ஒரு நகைக்கடைக்கு 3,000 தினசரி காலண்டர். கடையின் போன் நம்பர் மாறியதை ராத்திரி மெயிலில் அனுப்பியிருக்கிறார்கள். காலையில் கணக்குக் கம்ப்யூட்டரை முதலில் போட்டதால் மெயில் அதில் இறங்கிவிட்டது. டிசைன் அறைக்கு வரவே இல்லை. பழைய நம்பரோடு அச்சடித்து, அட்டையில் தகரப் பட்டையும் அடித்த பிறகுதான் தெரிந்தது. அக்காவும் நான்கு பெண்களும் இரண்டு நாள் உட்கார்ந்து 3,000 அட்டைக்கும் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். அவர்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை. அதை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

இப்போது ஒருவர் வந்து, எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஐபி போன் சிஸ்டம் (கம்ப்யூட்டர் நெட்வொர்க் வழியாகப் பேசும் போன்) போடுங்கள், போன், இன்டர்நெட், மெயில் மூன்றும் அதிலேயே வந்துவிடும் என்கிறார். ஆனால் அதற்கும் புதுக் கேபிள் வேண்டுமாம். எங்கள் எலக்ட்ரீஷியனோ, ஓர் எக்ஸ்டென்ஷனில் மோடத்தைச் செருகினால் போதும் என்றார். சும்மா இருந்த பழைய பிராட்பேண்ட் மோடத்தைக் கொட்டகையின் 24-ஆம் எக்ஸ்டென்ஷனில் செருகிப் பார்த்தேன். விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது, நிலைக்கவே இல்லை. ஏன் என்று யாராவது புரியவையுங்கள்.

ஆடிப் பதினெட்டுக்கு காலண்டர் ஆல்பம் (வாடிக்கையாளர்கள் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் மாதிரிப் புத்தகம்) போட்டுவிடுவோம். அதற்குப் பிறகு ஆர்டர் குவியும், மூச்சுவிட நேரம் இருக்காது. அதற்குள் முடிக்க வேண்டும்.

கம்பிவேலை_மதுரை, ஜூன் 9

வணக்கம் மேடம். அளந்து, விவரமாக எழுதியிருக்கிறீர்கள், பாதி வேலை முடிந்தது.

முதலில் மோடம் ஏன் வேலை செய்யவில்லை என்று சொல்கிறேன். இன்டர்காம் பெட்டி மனிதக் குரலுக்காகச் செய்யப்பட்டது. 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரை உள்ள ஒலியை மட்டும்தான் அது ஒரு லைனிலிருந்து இன்னொரு லைனுக்குக் கடத்தும். இந்த மாதிரிப் பெட்டிகளில் பல, உள்ளே வரும் குரலை நொடிக்கு 8,000 முறை அளந்து எண்களாக்கி, மறுபக்கம் திரும்பவும் குரலாக்குகின்றன. பிராட்பேண்ட் மோடம் பேசுவது அதற்கு மேலே, சுமார் 25 கிலோஹெர்ட்ஸில் தொடங்கி மெகாஹெர்ட்ஸ் வரை. அந்தச் சிக்னல் பெட்டியின் வாசலிலேயே நின்றுவிடும். அதனால்தான் பிராட்பேண்ட் போன் லைனில் வருகிற இடங்களில் ஸ்பிளிட்டரை இன்டர்காமுக்கு முன்னால் போடுவார்கள். மோடத்துக்குத் தனியாக ஒரு கிளை, பெட்டிக்குத் தனியாக ஒரு கிளை. பெட்டிக்குப் பின்னால் எத்தனை மோடம் செருகினாலும் பயனில்லை.

ஆனால் உங்கள் சொத்து அந்தப் பெட்டி இல்லை, சந்துக்கு அடியில் போகிற கேபிள். பெட்டியைத் தொடாமல், அந்தக் கேபிளில் சும்மா இருக்கும் ஒரு ஜோடிக் கம்பியைத் தனியே பிரித்து எடுத்தால், அதன் இரண்டு முனையிலும் விடிஎஸ்எல்2 எக்ஸ்டெண்டர் என்கிற, போன் கம்பியிலேயே இன்டர்நெட்டைத் தூரமாகக் கடத்தும் பெட்டியைப் போடலாம். முனைக்கு ஒன்று. அலுவலகத்துப் பெட்டியில் உங்கள் ரவுட்டரிலிருந்து லேன் கேபிள், கொட்டகைப் பெட்டியிலிருந்து அங்கே ஒரு சின்ன வைஃபை கருவி. அவ்வளவுதான். 140 மீட்டர் அதற்கு ஒன்றுமே இல்லை. நல்ல கம்பியாக இருந்தால் உங்கள் 50 மெகாபிட் முழுக்கப் போகும்.

சாதாரண லேன் கேபிள் போல அந்தப் போன் கம்பியை நேராகச் செருகலாமா என்று எலக்ட்ரீஷியன் கேட்பார். வேண்டாம். லேனுக்கு 100 மீட்டர்தான் எல்லை, கம்பியும் அந்தத் தரம் இல்லை. அதைவிட முக்கியம், இன்டர்காமோடு இணைந்திருக்கும் ஜோடியை எந்தக் கம்ப்யூட்டர் சாக்கெட்டிலும் செருகிவிடாதீர்கள். சாதாரணமாகவே அதில் டிசி ஓடிக்கொண்டிருக்கும். மணி அடிக்கும்போது 75 வோல்ட் ஏசி வரும். கம்ப்யூட்டர் கெட்டுப்போகலாம்.

இப்போது ஒரு சோதனை. அலுவலகத்து டெர்மினல் பெட்டியைத் திறந்து கேபிளில் எத்தனை ஜோடி என்று எண்ணுங்கள். சும்மா இருக்கும் ஜோடியை இரண்டு முனையிலும் கழற்றிவிட்டு, கொட்டகை முனையில் இரண்டு கம்பியையும் ஒன்றாக முறுக்குங்கள். அலுவலக முனையில் மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து அளங்கள். 0.5 மில்லிமீட்டர் செம்புக் கம்பி போய்வர கிலோமீட்டருக்கு சுமார் 175 ஓம் காட்டும். உங்கள் தூரத்துக்கு 25 ஓம் பக்கம் வர வேண்டும். ரொம்பக் கூடினால் எங்கோ ஜாயின்ட் கெட்டிருக்கிறது.

பாரிமுனை_98, ஜூன் 10

அம்மா, கம்பியைப் பற்றித் தம்பி சரியாகச் சொல்லிவிட்டார். நான் மெயிலைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் 3,000 அட்டை கெட்டதற்குக் கம்பி காரணம் இல்லை.

அப்போது அரசு நிறுவனமாக இருந்த வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்களுக்கு இன்டர்நெட் கொடுக்க ஆரம்பித்தது. 1998-ல் நான் சென்னை பாரிமுனையில் ஒரு தோல் ஏற்றுமதி அலுவலகத்தில் இருந்தேன். ஒரே ஒரு இன்டர்நெட் கணக்கு. நேர் போன் லைன் முதலாளி மேசையில். எங்களுக்குக் கிடைத்தது இன்டர்காம் எக்ஸ்டென்ஷன்தான். அந்தக் காலத்து மோடம் குரல் அலைவரிசையிலேயே பேசியதால் பெட்டி வழியாகப் போகும். உங்கள் எலக்ட்ரீஷியன் சொன்னது அந்த ஞாபகத்தில் இருக்கலாம், அவரைக் கோபிக்காதீர்கள்.

அதற்கும் பட்ட பாடு கொஞ்சமில்லை. வெளி லைன் எடுக்க முதலில் 0, அப்புறம் ஒரு காற்புள்ளி, பிறகு நம்பர் என்று எழுதி வைப்போம். அந்தக் காற்புள்ளிக்கு மோடம் இரண்டு நொடி காத்திருக்கும். இன்டர்காமின் டயல் டோன் வேறு மாதிரி இருந்ததால் மோடம் 'டோன் இல்லை' என்று நின்றுவிடும். ஏடிஎக்ஸ்3 என்று ஒரு கட்டளை கொடுத்தால் டோனுக்குக் காத்திருக்காமல் டயல் செய்யும். 56 கே (நொடிக்கு 56 கிலோபிட்) மோடம் வாங்கிப் போட்டோம். ஆனால் நடுவில் எங்கள் பெட்டி குரலை இன்னொரு முறை எண்ணாக்கித் திரும்பக் குரலாக்கியதால் 33.6 கே-ஐத் தாண்டவே இல்லை. கடையில் சண்டை போட்டேன். தப்பு அவர்கள் மேல் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது.

அந்த ஒரு லைனை ஐந்து கம்ப்யூட்டருக்குப் பகிர முதலில் விங்கேட் என்கிற சாஃப்ட்வேர் போட்டோம். விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பு 1999-ல் வந்த பிறகு அதிலேயே பகிரும் வசதி இருந்தது. மெயிலை ஒரு நாளைக்கு நான்கு முறை மொத்தமாக இறக்கி, போக வேண்டியதை அப்போதே அனுப்புவோம். முகவரி ஒன்றுதான். யாருக்கு என்று தெரிய, பொருள் வரியில் பெயரை எழுதுங்கள் என்று ஜெர்மனிக்காரர்களிடம் கேட்டுக்கொண்டோம். ஒருமுறை சாம்பிள் திருத்தம் ஒருவர் பெயருக்கு வந்தது. அவர் கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தார். பத்து நாள் யாரும் திறக்கவில்லை. நிறம் தப்பாக ஒரு கன்டெய்னரே போனது. உங்கள் ஸ்டிக்கர் கதையைப் படித்ததும் எனக்கு அந்தப் பத்து நாள்தான் ஞாபகம் வந்தது.

உங்கள் சாஃப்ட்வேர் பாப்3 முறையில் இருக்கிறது என்று நினைக்கிறேன். 'சர்வரில் ஒரு பிரதி வை' என்பதில் குறி இல்லாவிட்டால், முதலில் திறக்கிற கம்ப்யூட்டர் மெயிலை எடுத்துக்கொண்டு சர்வரில் அழித்துவிடும். எல்லாவற்றிலும் ஐமேப் முறைக்கு மாற்றுங்கள். மெயில் சர்வரிலேயே இருக்கும், எது படித்தாயிற்று, எதற்குப் பதில் போட்டாயிற்று என்று எல்லோருக்கும் ஒரே மாதிரி தெரியும். மாற்றுவதற்கு முன் மூன்று கம்ப்யூட்டரிலும் இறங்கிக் கிடக்கும் பழைய மெயிலை பேக்கப் எடுத்துவிடுங்கள்.

அடுத்தது, திருத்தத்துக்கு என்று தனி முகவரி வையுங்கள். அதை டிசைன் அறையில் ஒருவர் பார்க்க வேண்டும், நீங்களும் அக்காவும் பார்க்க முடிய வேண்டும். ஆறு பேருக்கு ஆறு பாஸ்வேர்டு. ஒருவர் வேலையை விட்டுப் போனால் அவருடையதை மட்டும் மூடலாம்.

அச்சக_மேசை (சிவகாசி), ஜூன் 12

இரண்டு பேருக்கும் மனமார்ந்த நன்றி. பாரிமுனை ஐயா, நீங்கள் சொன்னது அப்படியே சரி. மூன்று கம்ப்யூட்டரிலும் அந்தக் குறி இல்லை. கணக்குக் கம்ப்யூட்டரில் மட்டும் யாரும் படிக்காத 212 மெயில் கிடந்தது. அதில் ஒன்று, போன பொங்கலுக்கு ஒரு பள்ளிக்கூடம் டைரிக்கு விலை கேட்டது. அவர்களுக்கு இன்று போன் செய்து மன்னிப்புக் கேட்டேன்.

திருத்தம், ஆர்டர், கணக்கு என்று மூன்று முகவரி போட்டுவிட்டோம். எங்கள் சொந்த டொமைனிலேயே கூடுதல் செலவில்லாமல் கிடைத்தது.

கம்பி: டெர்மினல் பெட்டியில் 5 ஜோடிக் கேபிள். நீலம், ஆரஞ்சு இரண்டும் போனுக்குப் போகின்றன. மீதி மூன்றையும் அளந்தேன். பச்சை 26 ஓம், பழுப்பு 61, சாம்பல் மீட்டரே அசையவில்லை. பச்சையை எடுத்துக்கொள்ளலாமா?

கம்பிவேலை_மதுரை, ஜூன் 12

பச்சைதான் மேடம். பழுப்பில் ஜாயின்ட் துருப்பிடித்திருக்கும், சாம்பல் அறுந்துவிட்டது. போன் போகிற ஜோடியிலேயே எக்ஸ்டெண்டரையும் போட வழியுள்ள கருவிகள் உண்டு, ஆனால் தனி ஜோடி இருக்கும்போது அந்தத் தலைவலி எதற்கு?

பாரிமுனை_98, ஜூன் 13

ஒரு விஷயம் விட்டுவிட்டேன் அம்மா. இரண்டு கட்டிடத்துக்கு நடுவே செம்புக் கம்பி போனால் இடியும் அதே வழியில் வரும். 1999 ஐப்பசியில் ஒரே ராத்திரியில் எங்கள் மோடமும் இன்டர்காமின் இரண்டு கார்டும் போயின. இரண்டு முனையிலும் டெர்மினலில் சர்ஜ் அரெஸ்டர் (திடீரென்று ஏறும் மின்னழுத்தத்தை எர்த்துக்குத் திருப்பிவிடும் கருவி) போட்டு, ஒழுங்கான எர்த்தில் கட்டுங்கள். சும்மா ஆணியில் சுற்றி வைத்தால் போதாது. சீசன் முடிந்ததும், அந்தப் பைப்பில் ஃபைபர் நுழையுமா என்று ஒருமுறை பாருங்கள். கண்ணாடி இழைக்கு மின்னலைப் பற்றிய கவலை இல்லை. இரும்புக் கம்பி சேர்க்காத கேபிளாகக் கேட்டு வாங்குங்கள்.

அச்சக_மேசை (சிவகாசி), ஜூன் 27

கருவி வந்துவிட்டது. இரண்டும் சேர்த்து ஒன்பதாயிரத்துச் சொச்சம். முதலாளி அண்ணாச்சி, ஸ்டிக்கர் அடித்த செலவைவிடக் குறைவுதான் என்று சொல்லி உடனே பணம் கொடுத்தார். எலக்ட்ரீஷியன் நேற்று மாட்டினார். அரெஸ்டரும் எர்த்தும் போட்டாயிற்று.

ஆனால் 11 மெகாபிட்தான் வருகிறது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அறுந்துபோகிறது. கொட்டகைப் போன் மணி அடித்தால் நிச்சயம் அறுகிறது. ஓம்ஸ் மறுபடி அளந்தேன், அதே 26. கருவியை மாற்றித் தரக் கேட்கலாமா?

கம்பிவேலை_மதுரை, ஜூன் 27

கொஞ்சம் பொறுங்கள், கருவி மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. மணி அடிக்கும்போது அறுகிறது என்றீர்களே, அதில்தான் விஷயம் இருக்கிறது.

5 ஜோடிக் கேபிளில் ஐந்து வெள்ளைக் கம்பி இருக்கும். ஒவ்வொரு வெள்ளையும் தன் நிறக் கம்பியோடு முறுக்கிக்கொண்டு வரும். உறையை நீளமாகச் சீவி முறுக்கைப் பிரித்துவிட்டால் எந்த வெள்ளை யாருடையது என்று தெரியாது. புது டெர்மினலில் மாட்டும்போது பச்சையோடு ஆரஞ்சின் வெள்ளையைச் சேர்த்திருப்பார் என்று நினைக்கிறேன். இரண்டு முனையிலும் அப்படியே மாட்டினால் ஓம்ஸ் சரியாகவே காட்டும், போனும் பேசும். ஆனால் ஒன்றோடொன்று முறுக்காத இரண்டு கம்பிகள் ஜோடியாகிவிட்டன. முறுக்கு இருந்தால்தான் பக்கத்துக் கம்பியின் இரைச்சல் இரண்டிலும் சமமாக விழுந்து அடிபட்டுப் போகும். இப்போது போன் மணி அப்படியே உங்கள் இன்டர்நெட்டுக்குள் அடிக்கிறது.

இரண்டு முனையிலும் உறையை இன்னும் ஒரு சாண் சீவி, பச்சையோடு முறுக்கி வருகிற வெள்ளையை விரலால் பிடித்தபடியே கொண்டுவந்து மாட்டச் சொல்லுங்கள். டெர்மினல் வரைக்கும் முறுக்கைப் பிரிக்கவே கூடாது.

அச்சக_மேசை (சிவகாசி), ஜூன் 28

அதேதான்! இரண்டு முனையிலும் ஆரஞ்சின் வெள்ளைதான் பச்சையோடு இருந்தது. நான் பக்கத்திலேயே நின்று, நீங்கள் சொன்னபடி விரலால் பிடித்தபடி மாட்ட வைத்தேன். இப்போது 47 மெகாபிட். கொட்டகைக்கு மூன்று முறை போன் அடித்துப் பார்த்தேன், அறுபடவில்லை. எலக்ட்ரீஷியன் இதைத் தன் நோட்டில் படம் வரைந்து எழுதிக்கொண்டார்.

இன்னும் ஒரே ஒரு சந்தேகம். கரண்ட் போனால் போன் வேலை செய்கிறது, இன்டர்நெட் நிற்கிறது. அலுவலகத்தில் யுபிஎஸ் இருக்கிறது. கொட்டகையில் இல்லை.

கம்பிவேலை_மதுரை, ஜூன் 28

போனுக்கான மின்சாரம் இன்டர்காம் பெட்டியிலிருந்தே கம்பி வழியாக வருகிறது, பெட்டிக்கு பேட்டரி இருக்கிறது. எக்ஸ்டெண்டர் அப்படி இல்லை. கொட்டகையில் இருக்கும் எக்ஸ்டெண்டர், வைஃபை கருவி இரண்டின் அடாப்டரிலும் எத்தனை வோல்ட் என்று பாருங்கள். இரண்டும் 12 வோல்ட் என்றால், ரவுட்டருக்கு விற்கிற சின்ன 12 வோல்ட் யுபிஎஸ் போதும். ஆம்பியரையும் கூட்டிப் பார்த்து வாங்குங்கள். பெரிய யுபிஎஸ் தேவையில்லை.

ஐபி போன் வாங்கச் சொன்னவரை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். உங்கள் பழைய பெட்டி நன்றாகத்தான் இருக்கிறது. பின்னால் நீங்கள் ஃபைபர் இணைப்புக்கு மாறினாலும் அந்த மோடத்தில் சாதாரணமாக ஒரு போன் சாக்கெட் இருக்கும். அதிலிருந்து இன்டர்காமின் வெளி லைனுக்கு ஒரு கம்பி கொடுத்தால் அதே 16 எக்ஸ்டென்ஷனும் வேலை செய்யும்.

அச்சக_மேசை (சிவகாசி), ஜூலை 19

சின்ன யுபிஎஸ் வாங்கிவிட்டோம், இரண்டும் 12 வோல்ட்தான்.

இன்று ஒரு பாத்திரக்கடையிலிருந்து 1,500 காலண்டருக்குத் திருத்தம் வந்தது, உரிமையாளர் பெயரில் ஓர் எழுத்து. டிசைன் அறையில் பையன் சாப்பிடப் போயிருந்தான். நான் வங்கியில் இருந்தேன். கொட்டகையில் அக்கா அதைத் திருத்தம் முகவரியில் பார்த்துவிட்டு, இன்டர்காமில் மெஷின் ஹாலுக்கு அடித்து, பிளேட் ஏற்றாதீர்கள் என்று நிறுத்தியிருக்கிறார். நான் திரும்பி வரும்போது புது பிடிஎஃப் தயாராக இருந்தது. பாரிமுனை ஐயாவிடமும் மதுரை அண்ணனிடமும் இதைச் சொல்லச் சொன்னார் அக்கா.